வேலையோடு வருகிற வீடு

எம்.எஸ்.சி. கெமிஸ்ட்ரி கடைசி வருஷத்தில், பாலக்காட்டில் நான் படித்த கல்லூரியில் எங்கள் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். நீங்கள் தேடும் வேலையில் எதை எதிர்பார்க்கிறீர்கள், எது முதலில், எது கடைசியில் என்று எண் போட்டுக் கொடுக்க வேண்டும். சம்பளம், பதவி உயர்வு, நிரந்தரம், மரியாதை, ஊருக்குப் பக்கம், வெளிநாட்டு வாய்ப்பு என்று கட்டம் கட்டமாக இருந்தது. மேலிருந்து கீழே படித்தேன். மறுபடியும் படித்தேன். எனக்கு வேண்டியது அதில் இல்லை. கீழே கொஞ்சம் காலி இடம் இருந்தது. அதில் 'வீடு தர வேண்டும்' என்று எழுதி, பக்கத்தில் கொட்டையாக ஒன்று என்று எண் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

வேலைவாய்ப்புக்குப் பொறுப்பாக இருந்த சார் அதைப் படித்துவிட்டு வகுப்பிலேயே என்னை எழுப்பிக் கேட்டார். கம்பெனி வேலைக்குப் போனால் கம்பெனி வீடு தரும் இல்லையா, அதைத்தான் எழுதினேன் என்றேன். பின் வரிசையில் ஒருத்தன் கார் வேண்டாமா என்றான். வகுப்பே சிரித்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கார் உனக்கு, ஓட்டிக்கொண்டு வந்து என் வீட்டு வாசலில் நிறுத்து என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சார் மட்டும் சிரிக்கவில்லை. சில பெரிய கம்பெனிகள் குவார்ட்டர்ஸ் தருவது உண்டு என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தார். எனக்கு அது போதுமாக இருந்தது. பெரிய கம்பெனியாகப் பார்த்துச் சேர வேண்டும், அவ்வளவுதானே.

என்னைப் பார்த்துச் சிரித்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பிறந்தது அவரவர் வீட்டில். நான் பிறந்தது மூணாறு பக்கம், பூப்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக எட்டு வீடு. ஒவ்வொன்றிலும் ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் கையகல வராந்தா. கொழுந்து பறிக்கிறவர்களுக்கு லயம், சூப்பர்வைசருக்குத் தனி வீடு, ஆபீஸ்காரர்களுக்குக் குவார்ட்டர்ஸ், துரைக்கு பங்களா. வாட்ச்மேனுக்குக்கூட கேட் பக்கத்தில் ஒரு அறை உண்டு. வாடகை என்கிற சொல்லைப் பள்ளிக்கூடத்துக் கணக்கில்தான் முதலில் பார்த்தேன். ஒருத்தர் வேலை செய்கிறார், ஆனால் அவருக்கு வீடு இல்லை என்பது எங்கள் மலையில் யாருடைய புத்தியிலும் ஏறாத விஷயம்.

அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வேலை போனால் வீடும் போகும். என் அப்பா நான் பத்தாவது படிக்கும்போது இறந்துவிட்டார். அப்போது எங்கள் வீடு போகாமல் இருந்ததற்குக் காரணம், அம்மாவின் பெயரும் செக்ரோலில் இருந்ததுதான். செக்ரோல் என்பது தினமும் பேர் கூப்பிட்டு வருகை குறிக்கிற புத்தகம். அம்மா ரிட்டயர் ஆனால், வீட்டிலிருந்து வேறு யாராவது அந்தப் புத்தகத்தில் பெயர் போட வேண்டும். இல்லையென்றால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். அம்மாவுக்கு நான் ஒருத்திதான். அந்த வருஷம் ஜூன் கடைசியில் அம்மாவுக்கு ரிட்டயர்மெண்ட். நான் படிவத்தில் ஏன் அப்படி எழுதினேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

கொழுந்து பறிக்கிற வேலையை நான் ஒருநாளும் மட்டமாக நினைத்ததில்லை. அட்டைக் கடியிலும் மழையிலும் அம்மா பறித்த கொழுந்தில்தான் நான் கெமிஸ்ட்ரி படித்தேன். எங்கள் லயத்திலேயே மூன்றாவது வீட்டு அக்கா பி.காம். முடித்தவள். அவள் அப்பா ரிட்டயர் ஆனபோது வீட்டுக்காகப் பெயர் போட்டாள். ஒரு வருஷம் மட்டும், அப்புறம் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் போட்டாள். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

பிப்ரவரியில் கஞ்சிக்கோட்டிலிருந்து ஒரு கம்பெனி கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்தது. குழாய் செய்கிற கம்பெனி, அதில் தரம் பார்க்கிற லேபுக்கு ஆள் வேண்டுமாம். கஞ்சிக்கோடு எனக்குத் தெரியாத இடம் இல்லை. என் ஹாஸ்டல் அறைத் தோழிக்குக் கோழிக்கோடோ கொச்சியோ பிடிக்காது, துணி எடுப்பதென்றால் கோயம்புத்தூர்தான். அவளோடு பஸ்ஸில் போகும்போதெல்லாம் கஞ்சிக்கோட்டைத் தாண்டித்தான் போவோம். பெரிய பெரிய மதில், பெரிய கேட், உள்ளே புகைபோக்கி. மதிலுக்கு இந்தப் பக்கம் வரிசையாக அறைகள். எல்லாக் கதவுக்கும் ஒரே நீலப் பெயின்ட், கொடியில் வரிசையாகத் துணி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாயடி. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. லயம்! தகரக் கூரைக்குப் பதிலாக ஆஸ்பெஸ்டாஸ், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்டர்வியூவில் நன்றாகவே பதில் சொன்னேன். இதில் தன்னடக்கம் காட்ட எனக்கு விருப்பமில்லை. பத்தொன்பது பேரில் இரண்டு பேரை எடுத்தார்கள், அதில் நான் முதல். கடைசியில், உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். ஷிப்டு நேரம் கேட்டேன், வார விடுமுறை கேட்டேன். வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. கல்யாண வீட்டுக்குப் போய், இலை போடுவீர்களா என்று யாராவது கேட்பார்களா? அதுதான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேனே, மதிலை ஒட்டி எத்தனை கதவு.

அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டேன். லயத்தில் சிக்னல் கிடைக்காது. பஸ் ஸ்டாப் பக்கத்துச் சரிவில் நின்றால்தான் பேச முடியும். அம்மா வேலை முடிந்து வருகிற நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். வேலை கிடைத்துவிட்டது, வீடும் இருக்கிறது, நீ என் பெயரைப் போட வேண்டாம் என்றேன். வீடு எப்படி, அடுப்படி தனியா என்று அம்மா கேட்டார். தனிதான் என்றேன். பார்க்காத அடுப்படிக்கு என்ன தைரியத்தில் வாக்குக் கொடுத்தேன் என்று இன்றும் தெரியவில்லை. அடுத்த வாரம் அம்மா ஆபீஸுக்குப் போய், எங்கள் வீட்டிலிருந்து யாரும் வேலைக்கு வரவில்லை, ஜூன் முடிந்து ஒரு மாதத்துக்குள் காலி செய்கிறோம் என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மே மாதம் பரீட்சை முடிந்தது. சர்ட்டிபிகேட் சரிபார்க்கக் கம்பெனிக்கு வரச் சொன்னார்கள். எல்லாவற்றையும் கொடுத்து முடித்துவிட்டு, அங்கே இருந்த அதிகாரியிடம், எங்களுக்கு எந்த லைனில் வீடு, அம்மாவும் கூட வருவார்கள் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் ஜன்னல் வழியாக நீலக் கதவுகளைக் காட்டினேன். பாவம், நல்ல மனுஷர். சிரிக்காமல் பொறுமையாகச் சொன்னார். அவை கம்பெனியுடையவை இல்லை. உள்ளூர்க்காரர்கள் கட்டி வாடகைக்கு விட்டவை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஒரு அறைக்கு ஏழெட்டுப் பேராக இருக்கிறார்கள். கம்பெனி யாருக்கும் வீடு தருவதில்லை, அவருக்கே இல்லை, அவர் தினமும் ஒற்றப்பாலத்திலிருந்து ரயிலில் வருகிறார்.

வெளியே வந்தேன். ஐந்து வருஷம் கெமிஸ்ட்ரி படித்து, எதை எடுத்தாலும் சோதித்துப் பார்க்காமல் நம்பக்கூடாது என்று மனப்பாடம் செய்தவள், அம்மாவின் தலைக்கு மேலிருந்த கூரையை ஒரு பஸ் ஜன்னலை நம்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம். வகுப்பில் கார் வேண்டாமா என்றவனிடம் வாயாடினேனே, அவன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான்.

அன்று நேராகத் தோழியின் வீட்டுக்குப் போனேன். கிழக்குப் பாலக்காட்டில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அவர்களுக்குத் தென்னந்தோப்பு உண்டு. அவள் அம்மா என் முகத்தைப் பார்த்ததும் முதலில் சோற்றைப் போட்டார், அப்புறம்தான் விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"இதுக்கெதுக்கு கண்ணு அழுகறே? தோப்புக்குள்ள எங்க சாளை சும்மாத்தான் கெடக்குது. உங்கம்மாளக் கூட்டியாந்து இருங்க. நாலு மாடு இருக்குது, அதை மட்டும் பாத்துக்கிட்டாப் போதும். வாடகையெல்லாம் ஒண்ணும் வேண்டாம்."

சாளை என்றால் தோட்டத்துக்குள் இருக்கிற வீடு. தோழியே என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். ஓடு போட்டது, இரண்டு அறை, தனி அடுப்படி. அடுப்படியைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் வாக்குக் கொடுத்த அடுப்படி எப்படியோ கிடைத்துவிட்டது. கஞ்சிக்கோட்டுக்கு அங்கிருந்து ஒரே பஸ். தோழியைக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த நாள் விடிந்ததும் பஸ் ஏறினேன். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு என்று மாறி மாறி எங்கள் லயத்துக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அம்மா அப்போதுதான் கால் கழுவிக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். கம்பெனி வீடு தராது, நான் விசாரிக்காமல் சொன்னது தப்பு. ஆனால் வேறு வீடு பார்த்துவிட்டேன், வாடகை இல்லாமல்.

அம்மாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. செம்பைக் கீழே வைத்த விதத்திலேயே தெரிந்தது. "ஒரு வார்த்த வாயத் தெறந்து கேக்குறதுக்கு என்னடி? அத்தன பேருக்கு நடுவுல கையெழுத்துப் போட்டுட்டு வந்துருக்கேன்" என்றார்.

பக்கத்து வீடுகளுக்கு இதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. லயத்தில் ஒரு சுவர்தான் நடுவில். மூன்றாவது வீட்டு அக்கா வந்து, இன்னும் ஜூன் முடியவில்லை, எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், பீல்டு ஆபீசரிடம் நான் வேண்டுமானால் பேசுகிறேன் என்றாள். என்னைப் பார்த்து, முதல் ஆறு மாசம்தான் இடுப்பு வலிக்கும், அப்புறம் பழகிவிடும் என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்.

அவள் போன பிறகு அம்மா சாளையைப் பற்றிக் கேட்டார். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஓடு, இரண்டு அறை, கிணறு, தென்னை மரம், தங்கமான மனுஷர்கள், நாலு மாடு. அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அரிசி களைந்து உலையில் போட்டார். பிறகு அடுப்பைப் பார்த்தபடியே கேட்டார்.

"மாட்ட வித்துட்டாங்கன்னா?"

எனக்கு விளங்கவில்லை. மாட்டை விற்றால் நமக்கென்ன என்றேன்.

"மாட்ட வித்துட்டா நாம எங்கிட்டுப் போறது? எனக்கு முட்டி வலிச்சுப் பால் கறக்க முடியலன்னா? உங்கூட அந்தப் புள்ள ஒரு நா சண்ட போட்டுச்சுன்னா? அவுக நல்லவுகதான், நான் இல்லங்கல. இந்த லயத்துலயும் எனக்கு யாரும் கெடுதல் பண்ணலயே."

படிவத்தில் கொட்டையாக ஒன்று போட்டு எழுதினேனே, அது என் ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆசை இல்லை அது, பயம். வேலையோடு வீடும் சேர்ந்து வந்தால் ஒரே நாளில் இரண்டும் சேர்ந்தே போகும். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள், திரும்பவும் அதையேதான் தேடி அலைந்திருக்கிறேன். தேயிலைக்குப் பதில் குழாய், குழாய்க்குப் பதில் மாடு.

அப்படியானால் என்னதான் செய்வது, உன் பெயர் இருந்த இடத்தில் என் பெயரைப் போடுவதா என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன். அம்மா திரும்பிப் பார்த்தார்.

"வாடகைக்குப் பாரு. நீ வேலைக்குப் போனாலும் போகாட்டியும் இருக்குற மாதிரி ஒரு வீடு பாரு. சின்னதா இருந்தாப் போதும்."

எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது, ஆனால் குழப்பம் போய்விட்டது.

தோழியின் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன். அம்மாவே பஸ் ஸ்டாப் சரிவுக்கு வந்து, என் போனை வாங்கிப் பேசினார். நன்றி சொல்லி, வெறுமனே விருந்தாளியாக வந்து பத்து நாள் தங்குகிறேன், மாட்டையும் பார்த்துக்கொள்கிறேன், வீடு மட்டும் வேண்டாம் என்றார். அந்த அம்மாவுக்கு முதலில் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். ஏனுங்க இப்படிப் பிரிச்சுப் பேசறீங்க என்று இரண்டு தடவை கேட்டாராம். ஆனால் கஞ்சிக்கோட்டுப் பக்கத்தில் எங்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்ததே அவர்கள்தான். தோழியின் அப்பா தன் ஸ்கூட்டரில் என்னை உட்காரவைத்து நாலு நாள் அலைந்தார். ஆண் துணை இல்லாதவர்களுக்கு வீடு தருவதற்கு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு காரணம் சொல்லி இழுத்தார்கள். ஐந்தாவது நாள் கிடைத்தது. ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஒன்றரை அறை. அடுப்படி தனிதான், ஆனால் ஒருத்தர் நின்றால் இன்னொருத்தர் வெளியே வர வேண்டும்.

ஒப்பந்தத்தை யார் பெயரில் எழுதுவது என்று வீட்டுக்காரர் கேட்டார். வேலைக்குப் போகிறவள் நான் என்பதால் என்னைத்தான் பார்த்தார். அம்மா பெயரில் எழுதுங்கள் என்றேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியையும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு வீட்டுக்காரரிடம், இதில் எங்கேயாவது என் மகள் வேலையைப் பற்றி எழுதியிருக்கிறதா என்று கேட்டார். அவர் இல்லை என்றார். நல்லா ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க என்றார் அம்மா. அவர் உண்மையிலேயே இன்னொரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்றார். அப்புறம்தான் அம்மா கையெழுத்துப் போட்டார்.

லயத்தைக் காலி செய்த அன்று எனக்கு அழுகை வந்தது, அம்மாவுக்கு வரவில்லை. சாமான் ஒரு ஜீப்பில் அடங்கிவிட்டது. அம்மா சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டு, வண்டிய எடுங்க தம்பி என்றார்.

குழாய்க் கம்பெனி வேலை எனக்குக் கைவந்துவிட்டது. மூன்று வருஷம் இருந்தேன். இருந்த வரைக்கும் நல்ல பெயர்தான். மூன்றாவது வருஷம் ஒரு புதிய மேலதிகாரி வந்தார். சோதனையில் தேறாத ஒரு லாட் குழாயைத் தேறியதாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். முடியாது என்றேன். நாளைக்கு வேலைக்கு வர வேண்டுமா வேண்டாமா என்று யோசித்துச் சொல் என்றார். எஸ்டேட்டில் இப்படி யாராவது சொன்னால், கேட்கிறவர் கண் முன்னால் முதலில் வருவது வீடு. அம்மா, அப்பா, மூன்றாவது வீட்டு அக்கா, எல்லோரும் எத்தனை தடவை தலையைக் குனிந்துகொண்டு சரி சொல்லியிருப்பார்கள். எனக்கு அந்த நிமிஷத்தில் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ஒன்றரை அறை ஞாபகம் வந்தது. யோசித்துவிட்டேன் சார், வரவில்லை என்று சொன்னேன். மேசையில் இருந்த தாளிலேயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சாயங்காலம் நாலு மணிக்கே வீட்டுக்கு வந்தவளை அம்மா நிமிர்ந்து பார்த்தார். வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வேலையை விட்டுவிட்டேன் என்றேன்.

அம்மா சட்டென்று எழுந்து உள்ளே போனார். பரணைப் பார்த்தார், பாத்திர அடுக்கைப் பார்த்தார்.

"எந்தத் தேதிக்குள்ள காலி பண்ணணும்?"

நாற்பது வருஷத்துப் பழக்கம், வாயில் தானாக வந்துவிட்டது. நான் அவரையே பார்த்தேன். அம்மாவும் என்னைப் பார்த்தார். கையில் இன்னும் ஒரு கீரைத் தண்டு இருந்தது. பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. மெல்ல ஆரம்பித்து, முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்து, முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது.

புதிய வேலை இரண்டு மாதம் கழித்துக் கிடைத்தது, இதைவிட நல்லது. அதைப் பற்றி இங்கே சொல்ல ஒன்றும் இல்லை. அன்றைக்கு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா வெளியே போனார். எதிர் வீட்டுப் பெண் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு, கல்யாணம் நிச்சயமான சேதி சொல்கிற குரலில் சொன்னார்.

"எம் மக இன்னிக்கு வேலய விட்டுட்டா. நாங்க இங்கதான் இருக்கோம்."